கேமரா பக்கம் சாய்ந்த படகு

விடிவதற்கு முன்பே அவர்கள் அடையாற்றில் இறங்கியிருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர். அனகாபுத்தூர்க் கரையோரம் முழுக்க ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் அடியில் கறுத்த வேர் தாடிபோல் தொங்கிக்கொண்டு வரும். வேரோடு சேறு வரும், சேற்றோடு நாற்றம் வரும், யாரோ எப்போதோ எறிந்த பிளாஸ்டிக் பை வரும். பெண்கள் வரிசையாக நின்று அதைக் கைமாற்றிக் கரையில் குவித்தார்கள். விரல் இடுக்கெல்லாம் அரிப்பெடுத்தது.

இவர்கள் களை பிடுங்க வந்தவர்கள் இல்லை. தொலைக்காட்சித் தொடரில் நடிக்க வந்தவர்கள். களை பிடுங்கத் தனியாக ஆள் வைத்தால் தனிக் கூலி தரவேண்டும். நடிக்க வந்தவளை இறக்கிவிட்டால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்ற ஒரு வார்த்தையோடு போயிற்று. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்!

தொடர் ஒரு ராணியின் கதை. போர்க்காலம். ஆற்றில் வெள்ளம். அக்கரையில் எதிரி. ராணி தன் பெண்கள் படையைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு அம்பு மழைக்கு நடுவே ஆற்றைக் கடந்து எதிரியை வளைக்கிறாள். ராணியாக நடிப்பவர் அடையாற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய பங்கை ஸ்டூடியோவில் பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்து முடித்துவிட்டார்கள். நனைவது படை மட்டும்தான். எந்தப் போரில்தான் வேறு மாதிரி நடந்தது?

வரிசையின் நடுவில் துர்கா நின்றாள். உள்ளூர்க்காரி, நெசவுக்காரத் தெருவில் வாடகை வீடு. பக்கத்தில் அங்காளம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் இருந்து வருபவள். மீன்பாடு குறைந்த நாட்களில் கூடையை வீட்டில் வைத்துவிட்டு இந்த வேலைக்கு வருவாள்.

"கொடிக்காரி எங்கடி காணோம்?" என்று அங்காளம்மாள் கேட்டாள்.

"அவ எதுக்கு சேத்துல எறங்கப் போறா? பதிஞ்ச மூஞ்சியாச்சே. வேன்ல குந்திகினு பவுடரு பூசிகினு கீறா."

சொல்லும்போதே துர்காவுக்கு வயிறு எரிந்தது.

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கேமரா ஒருத்தியின் முகத்தை ஒருமுறை கிட்டத்தில் எடுத்துவிட்டால் அவள் 'முகம் பதிஞ்சவ'. அந்தக் காட்சி முடிகிறவரை அவளை மாற்ற முடியாது. தினமும் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். மற்றவர்களெல்லாம் 'கும்பல்'. இன்றைக்குப் படைவீரர், நாளைக்குச் சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிறவர், மறுநாள் வேண்டாம் என்றால் வேண்டாம். துர்கா இத்தனை வருஷமாகக் கும்பல்தான். அவள் மகள் பரணி, செல்போனில் தொடரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "தோ, இந்த முழங்கை எங்கம்மாவோடது" என்று சிநேகிதிகளுக்குக் காட்டுவாள். முழங்கைக்கு மேல் துர்கா இதுவரை வளர்ந்ததில்லை.

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்போல வந்தாள் யூனிஸ். அஸ்தினாபுரத்துக்காரி. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். பள்ளியை இழுத்து மூடிவிட்டதால் இங்கே வந்தாள். வந்த முதல் நாளே இயக்குநர் வரிசையில் நடந்துவந்து, அவள் எதிரில் நின்று, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார். பேர்! துர்காவின் பேரை இதுவரை எந்த இயக்குநரும் கேட்டதில்லை. "ஏ, தூணுக்குப் பக்கத்துல", "அந்தக் குட்டையா இருக்கிறது", இவ்வளவுதான். யூனிஸுக்குக் கொடியைக் கொடுத்தார்கள். முன் படகின் நுனியில் நின்று படைக்கு வழிகாட்டுகிற கொடிக்காரி. முந்தாநாள் சேனல் விளம்பரத்தில் அவள் முகம் வந்தது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் முகம்.

"அம்மா, யாரும்மா இவங்க? செமயா கீறாங்க!" என்றாள் பரணி, பெற்ற மகள். அன்றைக்குத் துர்கா சுட்ட தோசை ஒன்றுகூடக் கருகாமல் வரவில்லை.

வெயில் ஏறியதும் காலைச் சாப்பாடு வந்தது. கும்பலுக்குப் பொட்டலத்தில் பொங்கல். முகம் பதிந்தவர்களுக்கு டப்பாவில் பொங்கலும் வடையும். யூனிஸ் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு டப்பாவோடு துர்காவிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கு எண்ணெய் ஒத்துக்காது. வடையை நீங்க எடுத்துக்கோங்களேன்."

"உன் வடைய நீயே துன்னு தாயி. எனக்கு ஒண்ணும் நாக்கு செத்துப் போவல."

யூனிஸ் முகம் வாடிப் போய்விட்டாள். அவள் போன பிறகு துர்காவுக்கு வடைமேல் ஆசை வந்தது. அதற்கும் சேர்த்து யூனிஸ்மேல் கோபம் வந்தது.

அப்புறம் கவசம். டிவியில் தோல் கவசமாகத் தெரிவது, சாக்குத் துணிக்குள் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துப் பழுப்புச் சாயம் அடித்தது. காய்ந்திருந்தால் எடையே இல்லை. நனைந்தால் மார்பிலும் முதுகிலும் ஆளுக்கொரு அரிசி மூட்டை. படகும் அந்த லட்சணம்தான். நாலு டிரம்முக்கு மேல் பலகை அடித்து, சுற்றி ஃபைபரில் மீன்வாய் செதுக்கி ஒட்டியிருந்தார்கள். முன் படகை ஓட்டுகிற சின்னதம்பி அங்காளம்மாளின் தம்பி; கேமராவுக்குத் தெரியாமல் வாலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துத் துடுப்புப் போடவேண்டும். அவன் தயாரிப்பாளர் பத்ரியிடம் போய் நின்றான். சின்னக் கம்பெனி, முதலாளியும் பத்ரிதான், மேஸ்திரியும் பத்ரிதான்.

"சார், லைஃப் ஜாக்கெட்டு வாங்கி கவசத்துக்கு உள்ள போட்டுவுடலாமே? தண்ணி நடுவுல ஆழமா கீது. பழைய கம்பத்தோட கட்டையெல்லாம் அடில கீது."

"இது என்ன கடலா? ஜாக்கெட் போட்டா எல்லாரும் குண்டா தெரிவாங்கப்பா. பஞ்சத்துல அடிபட்ட நாடுன்னு கதை!"

அடுத்து யூனிஸிடம் வந்தார். முந்தின நாள் காற்றில் கொடி அவள் கையை விட்டுப் பறந்து, ஒரு காட்சி வீணாகியிருந்தது. உடைக்காரப் பையனிடம் நைலான் கயிற்றைக் கொடுத்து, கொடிக்கம்பை அவள் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

"சார், ரொம்ப டைட்டா இருக்கு."

"கொடி சாயக் கூடாதும்மா. பல்லைக் கடிச்சுக்கோங்க. முகத்துலயும் ஒரு ரோஷம் வரும்."

துர்கா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருத்தியைத் தேடி வந்து முதலாளியே நின்று கட்டவைக்கிறார் என்பதுதான் அவள் கண்ணில் பட்டது. கயிறு படவில்லை.

வெயில் சாய்ந்த பிறகுதான் படகில் ஏற்றினார்கள். முன் படகில் பத்துப் பேர். துர்காவுக்கு இடது ஓரம். கேமரா வலது பக்கம், ஆறு வளைகிற கரையில், உயரத்தில். "எல்லாரும் அக்கரையைப் பாருங்க, கேமராவைப் பார்க்காதீங்க!" என்று ஒலிபெருக்கி கத்தியது. படகு நகர்ந்தது. கரையில் இருந்து ரப்பர் முனை அம்புகள் வந்து விழ ஆரம்பித்தன. யூனிஸ் நுனியில் நிமிர்ந்து நின்றாள். காற்றில் கொடி படபடத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் துர்காவால் தாங்க முடியவில்லை.

ஓர் அம்பு இடது பக்கம் விழுந்தது. துர்கா அதிலிருந்து தப்புவதுபோல வலது பக்கம் நகர்ந்தாள். ஒரே ஒரு அடி. யூனிஸின் தோளுக்குப் பக்கத்தில் தன் முகம் கேமராவுக்கு விழும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் இருந்த சத்யப்ரியா, ஊரப்பாக்கத்துப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம். அவள் இதைப் பார்த்துவிட்டாள். நான் மட்டும் இளைத்தவளா என்று அவளும் நகர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. முகத்துக்கு ஏங்கிய அத்தனை பேரும் கேமரா பக்கம் ஒதுங்கினார்கள்.

"யம்மா! ஒரே பக்கமா சாயாதீங்க! யம்மா!" என்று சாக்குக்கு அடியில் இருந்து சின்னதம்பி அலறினான்.

படகு வலது பக்கம் படுத்தது. பத்துப் பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துக் கீழே இழுத்தது. துர்கா இரண்டு வாய் அடையாற்றைக் குடித்துவிட்டுத்தான் அடியில் கிடந்த ஒரு கட்டைமேல் காலூன்றினாள். பின் படகுகளில் இருந்து அங்காளம்மாளும் மற்றவர்களும் குதித்து, ஆளுக்கொருத்தியைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். யூனிஸ் மட்டும் எழவில்லை. கொடிக்கம்பு தண்ணீருக்கு அடியில் கட்டைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டிருந்தது. கம்போடு கட்டிய கையும் அங்கேயே இருந்தது. சின்னதம்பி முங்கிப் போய்க் கத்தியால் கயிற்றை அறுத்தான். வெளியே வந்த கை, மணிக்கட்டுக்கு மேலே வேறு திசையில் திரும்பியிருந்தது.

கரையில் யூனிஸைப் படுக்கவைத்தார்கள். அவள் கத்தவில்லை. "ஏசப்பா, ஏசப்பா" என்று பல்லுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்காளம்மாள் ஒரு பலகைத் துண்டை வைத்துக் கையைத் துண்டால் கட்டினாள். துர்கா கிட்டே போகவில்லை. தான் எடுத்து வைத்த அந்த ஓரடி அவள் காலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், வண்டி எடுங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்" என்றாள் அங்காளம்மாள்.

"போகலாம், போகலாம். முதல்ல ஃபர்ஸ்ட் எய்ட் பண்ணுங்க" என்று பத்ரி போனோடு தள்ளிப் போனார். கம்பெனி வண்டியில் போனால் ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று எழுதுவார்கள். எழுதினால் போலீஸ் வரும், ஆற்றில் படம் எடுக்க யார் அனுமதி கொடுத்தது என்று வரும். இதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. பேசி முடித்துவிட்டு அவர் நேராகத் துர்காவிடம் வந்தார்.

"உங்க பேர் என்னம்மா?"

துர்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னாள்.

"துர்கா. நல்ல பேர். கதையில ஒரு சின்ன மாற்றம் பண்றோம். கொடிக்காரி அம்பு பட்டு விழறா. பக்கத்துல இருக்கிறவ பாய்ஞ்சு கொடியைப் பிடிக்கிறா. அது நீங்க. குளோஸப். வசனம்கூட இருக்கு. 'கொடி விழாது, ராணி!' எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நின்றது. துர்கா சொன்னாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பத்ரி தலையாட்டினார்.

"இன்னொரு சின்ன விஷயம். என் போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்தம்மா சொல்லச் சொல்லக் கேட்காம எழுந்து ஆடினாங்க, அதனாலதான் படகு சாஞ்சுதுன்னு. வேற ஒண்ணும் இல்ல, ரெக்கார்டுக்கு."

துர்கா யூனிஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகம், முகம் என்று மனசு அடித்துக்கொண்டது. பரணி நாளைக்கு முழங்கையைத் தேட வேண்டியதில்லை. தெரு முழுக்கப் பார்க்கும். மேக்கப்காரர் வந்து அவள் நெற்றியைத் துடைத்துப் பொட்டு வைத்தார். நாற்காலி போட்டார்கள். துர்கா ஷூட்டிங்கில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது உடைக்காரப் பையன் கொடிக்கம்போடு வந்தான். அவள் கையை நீட்டச் சொன்னான். கம்பைக் கொடுத்தான். பிறகு பாக்கெட்டில் இருந்து கயிற்றை எடுத்தான். சின்னதம்பி அறுத்ததில் மிச்சம். அறுந்த முனை சிலும்பி, இன்னும் ஈரமாக இருந்தது.

"கட்டாத. நான் கெட்டியா புச்சிக்கிறேன்" என்றாள் துர்கா.

"கட்டணும்க்கா. இப்ப எடுத்ததுல கயிறு தெரியுது. கன்டினியூட்டி மாறக் கூடாது" என்றான் அவன்.

"சார்! கட்டாம குடுங்க சார். ஜாக்கெட்டு ஒண்ணு குடுங்க, உள்ள போட்டுக்கிறேன்."

"திரும்ப ஆரம்பிக்காதீங்கம்மா" என்றார் பத்ரி. "வெளிச்சம் போகுது. கொடி வேணும்னா கயிறும் சேர்த்துத்தான்."

கயிறு மணிக்கட்டில் ஒரு சுற்று விழுந்தது. இரண்டாவது சுற்று விழுந்தது. இறுகியது. நரம்பு புடைத்து விரல் நுனி விண்ணென்று தெறித்தது. இத்தனை நாளும் யூனிஸிடம் எதையெல்லாம் பார்த்து வெந்தாளோ அதெல்லாம் இப்போது துர்காவிடம் இருந்தது. கயிறும் இருந்தது. கிழக்கே நடு ஆற்றில் அந்தக் கட்டைகள் அப்படியேதான் கிடந்தன. அவள் விழுந்தால் அடுத்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள், அவள் பேரையும் இவர் இவ்வளவு அழகாகக் கேட்பார்.

துர்கா மறு கையால் கயிற்றைப் பிரித்தாள். எழுந்தாள்.

"போன எடுங்க சார். ஒரு வார்த்த சொல்றேன்."

பத்ரி அவசரமாகப் போனை நீட்டினார்.

"அவ ஆடல. நான்தான் மூஞ்சி காட்டணும்னு நவுந்தேன். என்னப் பாத்து எல்லாரும் நவுந்தாங்க. அது எங்க தப்பு. அவ கையக் கம்போட கட்டனது உங்க தப்பு. ஜாக்கெட்டு இல்லன்னது உங்க தப்பு. இத்த அப்டியே ஆஸ்பத்திரிலயும் சொல்லுவேன். வண்டி எடு சார்."

பத்ரியின் முகம் மாறியது. போனை அணைத்தார்.

"நல்லது பண்ண நினைச்சா இப்படித்தான். உன்னை விட்டா ஆள் இல்லையா? ஏம்மா, நீ வா!"

கூப்பிட்டது சத்யப்ரியாவை. நாற்காலி போட்ட நேரத்தில் இருந்து அவள் துர்காவைப் பார்த்த பார்வை, துர்கா இத்தனை நாளாக யூனிஸைப் பார்த்த அதே பார்வைதான். துர்காவுக்குப் பயம் வந்தது. போயே விடுவாள். வயசு அப்படி. சத்யப்ரியா ஈரக் கவசம் சொட்டச் சொட்ட நடந்து வந்தாள். கொடிக்கம்பை வாங்கிப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தித் தூரத்தில் படுத்திருந்த யூனிஸைப் பார்த்தாள்.

"எனக்கு ஆசதான் சார். துர்காக்காவ விட எனக்கு மூஞ்சியும் லட்சணமாத்தான் கீது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக்கா கை அப்டி தொங்கிகினு கீறப்போ நான் போயி சிரிச்சுகினு நின்னேன்னா, அந்த மூஞ்சிய நானே பாக்க முடியாது சார். மொதல்ல வண்டி."

கம்பை நாற்காலிமேல் சாத்திவிட்டுத் துர்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். துர்காவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, அந்த லட்சணப் பேச்சுக்கு ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"சரி. எல்லாரும் போங்க!" என்று பத்ரி கத்தினார். "நாளைக்கு வேற ஏஜென்ட்டுக்கிட்ட சொல்லி நாற்பது பேரை இறக்கறேன். உங்களுக்குச் சங்கமா, கார்டா, என்ன இருக்கு?"

"மூஞ்சி கீது சார்" என்றாள் துர்கா. "முன் படகுல பத்து பேரும் கேமரா பக்கம் மூஞ்சிய நீட்டிப் பதிஞ்சிட்டோம். பாதி ஆறு தாண்டியாச்சு. மீதி பாதிய யார வெச்சித் தாண்டுவீங்க? பாதி ஆத்துல மூஞ்சி மாறுனா டிவி பாக்குறவன் சிரிக்க மாட்டான்?"

"பத்து பேர்தானே? அவங்களை நான் பேசிக்கறேன். பின் படகு எல்லாம் வெறும் முதுகு. முதுகுக்கு என்ன இவ்வளவு திமிர்?"

அங்காளம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பின் படகு. பதியாத முகம்.

"ஆமா சார், நான் முதுவுதான். முதுவு இல்லாம சேனை ஏது? பத்து பேரு மட்டும் போயி கரை ஏறட்டும், எதிரி பயந்துடுவானா?" என்றாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பினாள். "இந்தாங்கடி, இவரு வண்டி வராது. அவள ஒத்தையா அனுப்புனா வழுக்கி வுழுந்தான்னு எழுதிகினு கெளம்பிடுவாங்க. நாம போவணும். பாத்தவங்க எல்லாம் போவணும்."

யாரும் கவசத்தைக் கழற்றவில்லை. கழற்றி மாற்ற நேரமில்லை. சின்னதம்பியும் இன்னொருத்தியும் யூனிஸைப் பலகையில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். துர்கா முதல்முறையாக அவள் பக்கத்தில் போனாள். உடைந்த கையை அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"நான் நவுந்ததாலதான்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா. உங்க மூச்சு என் தோள்ல பட்டுச்சு" என்றாள் யூனிஸ். வலியில் உதடு வெளுத்திருந்தது. "ரொம்பக் கோபமா இருக்கு உங்க மேல."

"இருக்கட்டும். ஆறட்டும் கை. அப்பறம் உங்கிட்ட நான் கொடிக்குச் சண்டை போடுறேன், நீ என்னத் திட்டு."

"கொடி எனக்குத்தான். நீங்க குட்டை."

துர்காவுக்குச் சுருக்கென்றது. பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. வயிற்றில் அப்படியேதான் இருந்தது. ஆனால் கை தாங்கிய இடத்தை விட்டு நகரவில்லை.

பின்னால் பத்ரி யாருக்கோ போன் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். "நில்லுங்கம்மா, பேசலாம், வெளிச்சம் போகுது!" ஒருத்தியும் நிற்கவில்லை. குறுகலான சந்துகளில் சேறு சொட்டும் கவசங்களோடு அந்தப் படை நடந்தது. வாசலில் பாத்திரம் கழுவியவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். செல்போன்கள் உயர்ந்தன. அன்றைக்கு முகத்தைக் காட்ட யாரும் முண்டியடிக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவைச் சத்யப்ரியா குறுக்கே நின்று மறித்தாள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, கவசமும் சேறுமாக நிற்கும் கூட்டத்தையும் தொங்கும் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்கா? எத்தினி பேரு வர்றீங்க?"

"அவ உக்காரட்டும்" என்றாள் துர்கா. "நீ மெதுவா ஓட்டு. நாங்க எல்லாரும் பின்னாலயே வர்றோம்."